பதினோரு கெஜம்

பெனால்டி புள்ளி தப்பான இடத்தில் இருக்கிறது. கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு கெஜம் இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது. போட்டது நான். இடைவேளை விசில் இப்போதுதான் ரெஃப்ரி ஊதினான். பதினைந்து நிமிடம். தண்ணீர்த் தொட்டி நிழலில் என் ஸ்டூல், காலடியில் சுண்ணாம்பு வாளி, எதிரே வடக்குக் கோல், அதற்கு முன்னால் அந்தப் புள்ளி. வெள்ளையாக, வட்டமாக, இட்லி மாதிரி. பார்க்க வேண்டாமே என்று கேலரிப் பக்கம் திரும்பினால் கேலரியில் புறா. புறாவை எவ்வளவு நேரம் பார்ப்பது. திரும்பவும் புள்ளி. நாற்பத்தாறு வருஷமாக இந்த மைதானத்துக்குக் கோடு போடுகிறேன். லைன் சிங்காரம் என்றால் இந்த மாவட்டத்தில் பந்து உதைத்த எவனுக்கும் தெரியும். ஒரு கோடு கோணியது கிடையாது. இன்றைக்குப் பெண்கள் ஃபைனல். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் மஞ்சள் சட்டைக்காரிகளுக்கு பெனால்டி கொடுத்தான் ரெஃப்ரி. கொடுத்தது சரி. நீலச் சட்டை ஸ்டாப்பர், பின்னால் நின்று தடுக்கிறவள், மஞ்சள்காரி காலைத் தட்டினாள், நானே பார்த்தேன். மஞ்சள்காரி பந்தைக் கொண்டுவந்து புள்ளியில் வைத்தாள். மற்றவர்கள் பெட்டிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்கள். அப்போதுதான் பார்த்தேன். பெட்டிக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் ஆறு கெஜம் இருக்க வேண்டும். ஏழு இருந்தது. எனக்குக் கண்ணே டேப். கால் செய்த தப்பைக் கண் சொல்லிவிட்டது. அடித்தாள். கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழலாம் என்று யோசிக்கும்போதே பந்து வலையில். ஒன்றுக்கு பூஜ்யம். எல்லோரும் நடுக்கோட்டுக்குத் திரும்பினார்கள். ஒருத்தி திரும்பவில்லை. நீலத்தின் கேப்டன், ஆறாம் நம்பர். குனிந்து புள்ளியைப் பார்த்தாள். கோலைப் பார்த்தாள். பெட்டிக் கோட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பாதி மைதானத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் புறாவைப் பார்த்தேன்.

வேறு யார் பார்த்திருந்தாலும் கவலை இல்லை. அவள் மனுக்காரி. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், பெயர் வைத்தவர்கள் இன்றைக்கு வந்து அவள் தலையைப் பார்க்க வேண்டும், அதனால் நான் மனுக்காரி என்றே சொல்வேன். கால்பந்துச் சங்கத்து ஆபீஸில் அவள் மனுவுக்கென்று தனி ஃபைல். வருஷம் முழுக்க வடக்கே ஏதோ கிளப்பில் ஒப்பந்தத்துக்கு ஆடுகிறாள், டிவியில் வருகிறாள், ஏர்போர்ட்டில் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம். மாசி பிறந்தால் லீவு போட்டு வந்து சொந்த ஊர் டீமுக்கு ஆடுகிறாள். ஆடிவிட்டுப் போக வேண்டியதுதானே. போகமாட்டாள். மனு கொடுப்பாள். வடக்கேயும் அப்படித்தான். முழங்கால் நார் அறுந்து படுத்தபோது கிளப்பில் ஒப்பந்தத்தைக் கிழிக்கப் பார்த்தார்கள். இவள் ஊன்றுகோலோடு போய் அவர்கள் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், ஒன்பது நாள். இப்போது அந்த லீக்கில் அடிபட்டவளை நீக்கக்கூடாது என்று விதியே இருக்கிறதாம். இங்கே நாலு வருஷம் முன்னால் சிறந்த ஆட்டக்காரி என்று மேடையில் கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கோப்பை, பெண்களுக்கு ஹாட்பாக்ஸ், ரொம்ப நாளாக அப்படித்தான். வாங்கினாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மைக்கைப் பிடித்து, “இதுல சப்பாத்தி பன்னெண்டு வைக்கலாம் சார், ஆம்பள டீமுக்குக் குடுங்க, அவங்களும் சாப்பிடத்தானே செய்றாங்க” என்று சொல்லிவிட்டு செக்ரட்டரி தணிகாசலம் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன். அடுத்த மனு என் தலையில் விழுந்தது. பெண்களுக்கு உடை மாற்ற அறை. அறை இருந்தது. அதில் என் சுண்ணாம்பு மூட்டை இருந்தது. பதினெட்டு வருஷமாக இருந்தது. சாவி என் அரைஞாணில். நேரே என்னிடம் வந்தாள். “அண்ணே, சாவி.” எழுபத்திரண்டு வயசில் என்னை ஒருத்தி அண்ணே என்றாள். மற்றதெல்லாம் தாத்தா என்கிறதுகள். “சுண்ணாம்பு நனையும்மா” என்றேன். “நாங்களும் நனையறோம்ணே, பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு சட்ட மாத்துறோம்” என்றாள். கொடுக்கவில்லை. மறுநாள் ஆண்கள் மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துக்கு இருபத்திரண்டு பெண்கள் வந்து நடு வட்டத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். என் வட்டத்தில். ஈரம் காயாத சுண்ணாம்பில். நாற்பது நிமிடம். எழுந்தபோது பாதிப் பேருக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வளைவு, வட்டத்தின் பாதி அவர்களோடு போய்விட்டது. மூட்டையை நானே தூக்கி வெளியே வைத்தேன். கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டார்கள். இப்போது அந்த அறையிலிருந்து குழந்தை அழுகிறது. காலைத் தட்டின அந்த நீல ஸ்டாப்பருக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, இடைவேளையில் பால் கொடுக்கிறாள். என் சுண்ணாம்பு இருந்த இடத்தில். அழுகை நின்றுவிட்டது. சரி. நிற்கட்டும்.

இன்னும் பதினாலு நிமிடமோ பதிமூன்றோ. வாட்ச் கிடையாது. மைக்கில் டெய்லர் கடை விளம்பரம் போகிறது. டெய்லர் என்றதும் டேப். எத்தனை பேர் சொன்னார்கள், டேப் வைத்து அளங்க என்று. டேப் டெய்லருக்கு. என் எட்டு ஒரு கெஜம். சரியாக முப்பத்தாறு அங்குலம். ராணுவத்திலிருந்து வந்த ஒரு கோச் ஒருமுறை சந்தேகப்பட்டு அளந்து பார்த்துவிட்டு எனக்கு சல்யூட் அடித்தான். அந்த எட்டில்தான் இந்த மைதானமே இருக்கிறது. பெட்டிக் கோடும் பக்கக் கோடும் பிரச்சினை இல்லை, சுண்ணாம்பு தின்று புல் செத்துத் தடம் விழுந்துவிட்டது, அதன் மேலேயே போட்டுக்கொண்டு போகலாம், கண்ணை மூடிக்கொண்டு. வடக்குக் கோல் முன்னால் மட்டும் கார்த்திகை மழையில் குழி விழுந்து, மூன்று டிராக்டர் செம்மண் கொட்டி மட்டம் செய்தார்கள். பழைய புள்ளி உள்ளே போய்விட்டது. நான் கோல் கோட்டில் குதிகாலை வைத்துப் பன்னிரண்டு எட்டு நடந்து புதுப் புள்ளி வைத்தேன். பன்னிரண்டுதான் நடந்தேன். எண்ணிக்கை தப்பில்லை. எட்டு தப்பு. ஆடியில் குளியலறையில் விழுந்தேன். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். வலது கால் ஒரு அங்குலம் குறையும் என்று டாக்டர் சொன்னான். காலில்தானே குறையும், எனக்கென்ன என்றேன். கால் குறைந்தால் எட்டு குறையும் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நொண்டி நடக்கிறதில் ஒவ்வொரு எட்டிலும் மூன்று அங்குலம் போகிறது. பன்னிரண்டு எட்டுக்கு ஒரு கெஜம். இப்போது உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அப்படியென்றால் அந்தக் கட்டில். ஐயோ. ஐப்பசியில் என் வீட்டுக்காரி மரகதம் கட்டில் வேண்டும் என்றாள், நான் அறையை நடந்து பார்த்து ஆசாரிக்கு அளவு சொன்னேன். என் சின்ன எட்டில் அறை பெரிசாகத் தெரிந்திருக்கிறது. கட்டில் வந்தது. கதவு மூடவில்லை. ஆசாரியைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டினேன், உன் அப்பன் கையில் உளி பிடித்தானா உலக்கை பிடித்தானா என்று கேட்டேன். அவன் பாவம், “நீங்க சொன்ன அளவுதான் பெரியவரே” என்று நாலு தடவை சொன்னான். மரகதம் அன்றைக்கே என் காலைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு மாசமாகக் கதவு மூடாத அறையில் படுத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் சிரித்திருக்கிறாள்.

யாரிடமும் சொல்ல வேண்டாம். உட்கார்ந்திருந்தால் பதினைந்து நிமிடம் போய்விடும். நாளைக்கு விடியலில் வந்து நகர்த்தி வைத்தால் யாருக்குத் தெரியும். மனுக்காரிக்குத் தெரியும். ஆனால் அவள் ஏன் இன்னும் கத்தவில்லை? ஹாட்பாக்ஸுக்கு மேடையேறினவள், கோலே போன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளே. இது எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவள் கத்த வேண்டும். ரெஃப்ரியிடம் போய்ச் சொன்னால் போதும், அந்த கோல் செல்லுமா செல்லாதா என்றே பஞ்சாயத்து கிளம்பும். ஏன் போகவில்லை? தணிகாசலம் வருகிறான். கையில் டீ. எனக்கில்லை, அவனுக்கு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா, எழுதுவதென்னவோ ஒன்றும் இல்லை. “என்ன பெருசு, ஆட்டம் எப்படி?” என்றான். “கண் இருக்கே, பாருங்க” என்றேன். பக்கத்தில் நின்று உறிஞ்சினான். “மெயின் கிரவுண்டு வேணும், மெயின் கிரவுண்டு வேணும்னு ஆறு வருஷம் உயிரை வாங்குனா. குடுத்தாச்சு. இப்ப பாருங்க, கேலரில முந்நூறு பேர்கூட இல்ல.” முந்நூற்றுக்கு மேல் இருக்கும், நான் எண்ணினேன். என் எண்ணிக்கை தப்பாது. அவன் குரலைத் தணித்தான். “ஒண்ணே ஒண்ணு சிக்கட்டும் பெருசு. ஒரு சண்டை, ஒரு புகார், ஆட்டம் அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். இவங்களுக்கு கிரவுண்டு குடுத்தா இதான்னு எழுதி மேல அனுப்பிட்டு, அடுத்த வருஷம் பழையபடி பின்னாடி தள்ளிடுவேன். உங்களுக்கும் வேலை மிச்சம்.” பின்னாடி என்றால் கேலரிக்குப் பின்னால் லாரி நிற்கிற பொட்டல். ஒரு பக்கம் சரிவு. கார்னர் அடித்தால் பந்து டீக்கடைக்குப் போகும். பெண்கள் ஃபைனல் எல்லாம் அங்கேதான் நடந்தது. மனுக்காரி அதை மூலைக்கு மூலை அளந்து, பதினொரு மீட்டர் நீளம் குறைகிறது என்று படம் வரைந்து மனு கொடுத்தாள். அளந்து. டேப்பால். தணிகாசலம் டீ கிளாஸை என் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான், நான் என்ன அவன் வீட்டு வேலைக்காரனா. அப்புறம்தான் உறைத்தது. அவள் ஏன் கத்தவில்லை என்று. கத்தினால் புகார். புகார் என்றால் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் பொட்டல். ஆறு வருஷ மனு என் ஒரு கெஜத்தில் போய்விடும். தோற்றாலும் பரவாயில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அதுவும் அவள். இந்தப் பாவம் என் தலையில். நான் கேட்டேனா. எனக்கு எதற்கு இந்தப் பாவம். இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தால் வலிக்கும், எழுந்தால் இன்னும் வலிக்கும்.

சரி, இன்னொரு பக்கம் யோசி. இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். நீலம் இந்த வடக்குக் கோலுக்குத்தான் அடிக்கும். அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தால் அதே பதினோரு கெஜம். பாதிக்குப் பாதி. கணக்கு நேராகிவிடும். அவளுக்கே லாபம், நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்? நல்ல யோசனை. காலை நீட்டினேன். நல்ல யோசனைதான், ஆனால் நாக்கில் வைத்தால் கசந்தது. தப்பாகவே இருக்கட்டும், எல்லோருக்கும் தப்பாக இருக்கட்டும் என்பதற்கா நாற்பத்தாறு வருஷம் குனிந்தேன். மைக்கில், “இன்னும் ஆறு நிமிடத்தில் வீராங்கனைகள் களமிறங்குவார்கள்” என்றான். ஆறு நிமிடம். புள்ளியை அழிக்க ஒரு நிமிடம், தண்ணீர் ஊற்றி மண்ணைக் கிளற வேண்டும். அளக்க ஒரு நிமிடம். எதை வைத்து அளப்பது? காலை வைத்தா? இந்தக் காலையா? பதின்மூன்று எட்டு வைத்தால் சரியாக வருமா? மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு, இன்னும் ஒரு எட்டு முப்பத்து மூன்று, அப்போதும் மூன்று அங்குலம் குறையும், அந்த மூன்றுக்கு என்ன செய்வது, ஒரு சாண் பார்த்துத் தள்ளலாமா, சாணாவது நீளமாக இருக்கிறதா அல்லது விரலும் குறைந்துவிட்டதா, டாக்டர் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, இந்த இடத்திலேயே மூளை சுற்றிச் சுற்றி வருகிறது, செக்குமாடு மாதிரி, அப்போது பார்த்தால் வடக்குக் கோல் முன்னால் யாரோ மண்டியிட்டு இருக்கிறார்கள். நீலச் சட்டை. ஆறு. வாயில் ஆரஞ்சுச் சுளை. கையில் மஞ்சள் டேப், சுருள் டேப், பொட்டலை அளந்த அதே டேப். மற்றவர்கள் பையில் எண்ணெயும் பேண்டேஜும் வைத்திருப்பார்கள். இவள் டேப் வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சுளையைத் துப்பிவிட்டு, “அண்ணே, வாளிய எடுத்துட்டு வாங்க” என்றாள். சத்தமாக. ஏதோ சாம்பார் வாளி கேட்கிற மாதிரி.

போனேன். ஐம்பத்திரண்டு எட்டு. அதை நம்ப வேண்டாம். டேப்பின் நுனியை என் கையில் திணித்தாள். “கோல் கோட்டுல வெச்சு அமுக்கிப் பிடிங்கண்ணே.” வாழ்க்கையில் முதல் தடவையாக டேப் பிடித்தேன். குனிந்தபோது இடுப்பு கத்தியது, நான் கத்தவில்லை. அவள் பின்பக்கமாக நடந்து புள்ளிவரை போய்ப் பார்த்தாள். “பத்து மீட்டர் ஆறு சென்டி. பதினொண்ணு வரணும்.” அவள் மீட்டரில் பதினொன்று என்றால் என் பன்னிரண்டு கெஜம். “ஒரு கெஜம்” என்றேன். “ஒரு கெஜந்தாண்ணே.” நான் வாயைத் திறந்தேன். காலைப் பற்றிச் சொல்லலாம் என்று. “தெரியும்ணே” என்றாள், “எனக்கும் முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கால் எட்டு சின்னதாயிடுச்சு. ஃப்ரீகிக்குக்கு ஓடி வர்றது ரெண்டு மாசம் தப்பாவே வந்துச்சு. பந்துல தப்புன்னு திட்டிட்டு இருந்தேன்.” நான் ஆசாரியைத் திட்டியதைச் சொல்லவில்லை. அவள் காலால் பழைய புள்ளியைக் கிளறினாள், நான் அவள் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். “அடுத்த பாதி நீங்கதானே இந்தப் பக்கம் அடிக்கணும், விட்டுடு” என்றேன், சும்மா. நிமிர்ந்து முறைத்தாள். “அப்புறம் கப்ப கைல வெச்சுகிட்டு உங்க புள்ளிய நெனச்சுகிட்டே நிக்கணுமாண்ணே?” “அந்தப் போன கோல்?” “இருக்கட்டும். ரெண்டு போட்டுக்கறோம்.” டேப் பதினொன்று காட்டின இடத்தில் சுண்ணாம்பை அள்ளி வைத்தேன். வட்டமாக. அப்போதுதான் தணிகாசலம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தான், கூடவே ரெஃப்ரி லியோ, ஸ்கூலில் பி.டி. வாத்தியார், நல்ல தம்பி, எதற்கும் பயப்படுகிறவன். “என்ன நடக்குது இங்க?” அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “மழைல புள்ளி அழிஞ்சிருந்துச்சு சார். அண்ணன் புதுசா வெக்கிறாரு.” “மாசி மாசத்துல எங்கம்மா மழை?” என்றான் தணிகாசலம். அவளுக்குப் பொய் வராது. மனு எழுதுகிறவர்களுக்குப் பொய் வராது போல. என் பேரைக் காப்பாற்றுகிறாளாம். எவளிடமும் எனக்கு அந்தப் பிச்சை வேண்டாம். “அழியல” என்றேன். “நான் தப்பா வெச்சேன். ஒரு கெஜம் கிட்டக்க.”

தணிகாசலம் முகத்தில் விளக்கு எரிந்தது. மூன்று பேனாவில் ஒன்றை உருவினான், நான் பார்த்த நாளில் முதல் தடவை. “லியோ, எழுதுங்க. மைதானம் சரியில்ல. பெண்கள் ஆட்டத்துல அளவுப் பிரச்சனை, ஆட்டம் தாமதம். நான் அப்பவே சொன்னேன், இவங்களுக்கு மெயின் கிரவுண்டு…” அவன் பேசிக்கொண்டே போனான். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், மெதுவாக. ஆறு வருஷம் சுருளுகிறது என்று நினைத்தேன். நினைத்தபோது மண் ஞாபகம் வந்தது. செம்மண். டிராக்டர். எப்போது கொட்டினார்கள்? கார்த்திகை. இப்போது மாசி. நடுவில் மார்கழி, தை. தையில் யார் ஆடினார்கள்? ஜீப்பில் கோப்பையை வைத்து ஊரைச் சுற்றினார்களே, மாலை போட்டுக்கொண்டு முன்னால் நின்றது யார்? எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். “தம்பி தணிகாசலம்” என்றேன். “இந்தப் புள்ளி கார்த்திகைல வெச்சது. தை மாசம் ஆம்பள ஃபைனல்ல உங்க கிளப் கடைசி நிமிஷம் ஒரு பெனால்டி போட்டுத்தானே கப்பு அடிச்சுது? இதே கோலு. இதே புள்ளி.” பேனா நின்றது. “அதோட சேத்து இந்தப் புள்ளில ஒம்பது பெனால்டி. பூரா ஆம்பளைங்க. ஒருத்தனுக்கும் தெரியல.” லியோ தணிகாசலத்தைப் பார்த்தான். தணிகாசலம் புறாவைப் பார்த்தான். புறா நல்ல உதவி, நானே சொல்லியிருப்பேன். அவள் டேப்பைச் சுருட்டி முடித்து இடுப்பில் செருகினாள். “தை மாச ஃபைனலையும் சேத்தே மனு எழுதிடட்டுமா சார்?” என்றாள், ரொம்ப மரியாதையாக. “இப்ப எதுக்கும்மா அதெல்லாம்” என்றான் தணிகாசலம், “ஒரு கெஜந்தானே, பந்து காத்துல ஆடுனாலே ஒரு கெஜம். ஆட்டத்த ஆரம்பிங்கப்பா, டைம் ஆச்சு.” போய்விட்டான். வேட்டியை இறக்கிவிட மறந்து, மடித்துக்கட்டியபடியே.

பெண்கள் இறங்குகிறார்கள். ஸ்டாப்பர் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஓடி வருகிறாள். லியோ மட்டும் போகவில்லை. சின்ன நோட்டை எடுத்தான். “தாத்தா, புள்ளி மாத்துனத நான் குறிக்கணும், புகாரா இல்ல, குறிப்பா. திருத்தியவர்னு ஒரு பேர் வேணும். லைன் சிங்காரம்னு போடவா?” போடலாம். நாற்பத்தாறு வருஷத்தில் என் பேர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. போடலாம்தான். எதிரே அவள் நடு வட்டத்தில் நின்று முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள், ஒட்ட வெட்டின தலை வெயிலில் மின்னியது. ஸ்டூலுக்கு அடியில் தணிகாசலத்தின் டீ கிளாஸ். வாளியில் சுண்ணாம்பு பாதி. “தப்பா வெச்சது யாருன்னு கேட்டா என் பேரப் போடு” என்றேன். “திருத்துனது நான் இல்ல.” லியோ பேனாவோடு நின்றான். “கேப்டன் பேரு முழுசா என்ன தாத்தா? இனிஷியலோட வேணும்.” எனக்குத் தெரியும். சங்கத்து ஃபைலில் முப்பத்தோரு மனுவிலும் அடியில் அந்தக் கையெழுத்துதான், அம்மா பேரின் முதலெழுத்தோடு. தலையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும். “எழுதிக்கோ” என்றேன். “வே. கார்குழலி.”